முப்பது பேர் கூடினால் ஸ்டாக்ஃபிஷை மடக்க முடியுமா?

கேள்வி இதுதான். ஆன்லைனில் அறிமுகமான முப்பது பேர், பெரும்பாலும் 1600 முதல் 2000 வரை செஸ் ரேட்டிங் (ஆட்டத் திறனை அளக்கும் எண்) உள்ளவர்கள், ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கலந்து பேசி, நகர்த்தலுக்கு ஒரு நாள் என்று எடுத்துக்கொண்டு, ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினுடன், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலுடன், ஒரு ஆட்டம் ஆட ஆசைப்படுகிறார்கள். கணினி உதவி யாருக்கும் கிடையாது. ஜெயிக்க வழி உண்டா? குறைந்தபட்சம் டிரா? எப்படி ஆடுவது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சமமான காய்களோடு ஆடினால் ஜெயிக்க மாட்டீர்கள். டிராவுக்கு ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. இன்ஜின் ஒரு குதிரையை விட்டுக்கொடுத்து ஆட ஒப்புக்கொண்டால், நிதானமாக ஆடி ஜெயிக்கவும் முடியும். ஆனால் இவை எதுவும் நீங்கள் முப்பது பேரா முந்நூறு பேரா என்பதைப் பொறுத்தது இல்லை. குழுவுக்குள் ஒரு யோசனை வந்தால் அதை யார், எப்படி உடைத்துப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இனி எழுதுவதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

ஊர் கூடித் தேர் இழுத்தால் தேர் நகரும். எல்லோர் கையிலும் ஒரே வடம், எல்லோரும் ஒரே திசையில் இழுக்கிறார்கள், பலம் கூடிக்கொண்டே போகிறது. செஸ்ஸில் அப்படிக் கூட்டல் கணக்கு போட முடியாது. முப்பது 1800கள் சேர்ந்தால் 54,000 ஆகாது. நன்றாக ஒழுங்குபடுத்திய குழு, நகர்த்தலுக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டால், ஒரு 2200 அல்லது 2300 ஆட்டக்காரரைப் போல ஆடலாம் என்பது என் கணிப்பு. ஒழுங்கில்லாத குழு தன்னுடைய சிறந்த உறுப்பினரை விட மோசமாகவே ஆடும். இது நிறைய நடக்கிறது.

எதிரில் இருப்பதன் உயரத்தையும் பார்த்துவிடலாம். மனிதர்களில் மிக உயர்ந்த ரேட்டிங் மாக்னஸ் கார்ல்சன் 2014இல் தொட்ட 2882. இன்ஜின்களுக்கான பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3600க்கு மேல் நிற்கிறது. இரண்டும் வேறு வேறு அளவுகோல், ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழிக்க முடியாது. இருந்தாலும் இடைவெளி எவ்வளவு என்று ஊகிக்கலாம். ரேட்டிங் கணக்குப்படி 400 புள்ளி வித்தியாசம் இருந்தாலே, பலவீனமானவர் பதினோரு ஆட்டங்களில் ஒரு புள்ளிதான் எதிர்பார்க்க முடியும்.

போட்டி நிலைமையில், சமமான காய்களோடு, ஒரு முன்னணி இன்ஜினை மனிதன் கடைசியாக வென்றது என்று பொதுவாகச் சொல்லப்படுவது 2005 நவம்பரில் நடந்தது. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் ருஸ்லான் பொனோமரியோவ் ஃபிரிட்ஸை வென்றார். அதுவும் ஒரு குழுப் போட்டிதான்: பொனோமரியோவ், காசிம்ஜானோவ், கலிஃப்மன் என்று ஃபிடேயின் (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) உலக சாம்பியன் பட்டம் பெற்ற மூன்று பேர் ஒரு பக்கம், ஹைட்ரா, டீப் ஜூனியர், ஃபிரிட்ஸ் என்று மூன்று இயந்திரங்கள் மறுபக்கம். 8–4 என்று இயந்திரங்கள் ஜெயித்தன. ஆனால் அங்கே மனிதர்கள் தனித்தனியாக ஆடிப் புள்ளியை மட்டும்தான் சேர்த்தார்கள், மூளையைச் சேர்க்கவில்லை. நீங்கள் கேட்பது வேறு: ஒரே பலகை, பல மூளைகள்.

பல மூளைகள் எதற்கு நிச்சயம் உதவும் என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2006 நவம்பர், ஜெர்மனியின் பான் நகரம். அப்போதைய உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸுடன் ஆடுகிறார். இரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஒரு குறையும் இல்லாத நிலைமை. 34வது நகர்த்தலில் ராணியை ஈ3 என்ற கட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்து, நிதானமாக இருக்கையிலிருந்து எழுந்தார். அடுத்த நகர்த்தலில் வெள்ளை ராணி ஹெச்7இல் வந்து உட்கார்ந்தது. செக்மேட். ஒரே நகர்த்தலில் வரும் மேட்டை உலக சாம்பியன் பார்க்கவில்லை. பக்கத்தில் மூன்று 1500கள் இருந்திருந்தால் அதில் ஒருவராவது "சார், ஹெச்7" என்று கத்தியிருப்பார். கடைசியில் அந்தப் போட்டி 4–2 என்று இயந்திரத்துக்குப் போனது.

குழுவின் உண்மையான லாபம் இதுதான். மேதைத்தனமான நகர்த்தலைக் குழு கண்டுபிடிக்காது, எப்போதாவது நடந்தால் அதிர்ஷ்டம். மடத்தனமான நகர்த்தலைக் குழு தடுத்துவிடும். இதைச் சின்ன லாபம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு நகர்த்தலும் சேதாரமில்லாமல் அமைய 98 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நகர்த்தல்களும் சேதமில்லாமல் கடக்க வாய்ப்பு வெறும் 45 சதவீதம். அந்த 98ஐ 99.5 ஆக்கினால் 82 சதவீதம் ஆகிவிடும். கார்ல்சனின் மூளை உங்களுக்கு வேண்டாம், அந்த ஒன்றரை சதவீதம் போதும். சர்வதேசக் கடிதவழி செஸ் கூட்டமைப்பின் போட்டிகளில் இன்ஜின் பயன்படுத்த அனுமதி உண்டு. அங்கே உயர்மட்டத்தில் இரண்டு பக்கமும் இன்ஜினோடு உட்கார்ந்து ஆடுவதால் கிட்டத்தட்ட எல்லா ஆட்டமும் டிராதான். தப்பே செய்யாமல் ஆடினால் செஸ் டிராவை நோக்கித்தான் போகும் என்று இதை வைத்து நம்பலாம். அதனால் உங்கள் டிரா ஆசை ஒன்றும் அபத்தமில்லை, கடினம் அவ்வளவுதான்.

சரி, முப்பது பேரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்தால் என்ன? இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் விழுகின்றன.

பெரும்பான்மை ஓட்டு பற்றி பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் காண்டோர்செட்டின் ஒரு முடிவு இருக்கிறது. இரண்டு நகர்த்தல்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொருவருக்கும் 60 சதவீத வாய்ப்பு, எல்லோரும் தனித்தனியாக யோசிக்கிறார்கள் என்றால், 25 பேரின் பெரும்பான்மை ஏறக்குறைய 85 சதவீதம் சரியாக இருக்கும். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். ஒவ்வொருவருக்கும் 40 சதவீதம்தான் என்றால், கூட்டம் சரியாக இருக்கும் வாய்ப்பு 15 சதவீதமாக விழுந்துவிடும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இன்னும் உறுதியாகத் தப்பு செய்யும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தின் எளிய நகர்த்தல்களில் உங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சரியாகவே இருப்பார்கள், அங்கே ஓட்டே தேவையில்லை. இன்ஜினுடன் ஆடும்போது ஆட்டத்தைத் தீர்மானிப்பது எந்தக் கணங்கள்? பார்த்தால் இயல்பாகத் தோன்றும் நகர்த்தல் தோற்று, அசிங்கமாகத் தெரியும் நகர்த்தல் காப்பாற்றும் மூன்று நான்கு கணங்கள். சரியாக அங்கேதான் 1800 ஆட்டக்காரரின் வாய்ப்பு ஐம்பதுக்குக் கீழே இறங்குகிறது. ஓட்டு உங்களைக் கைவிடுவதும் சரியாக அங்கேதான்.

இன்னொரு சிக்கல், ஓட்டு உடைவது. உங்கள் நிலைமையில் ஒரு யானையை டி1க்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த யானை என்பது செஸ்ஸின் நிரந்தரத் தலைவலி. 9 பேர் ஏ1இல் இருக்கும் யானை என்கிறார்கள், 9 பேர் எஃப்1இல் இருக்கும் யானை என்கிறார்கள். மீதி 12 பேர் அவசரப்பட்டு ஹெச் சிப்பாயைத் தள்ளலாம் என்கிறார்கள். 18 பேருக்கு ஒரே யோசனை இருந்தும், ஜெயிப்பது ஹெச் சிப்பாய். நம் ஊரில் தேர்தல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, திட்டம் சிதறுவது. போன நகர்த்தலில் ராணிப் பக்கம் தாக்க ஓட்டுப் போட்டவர்கள் இன்று வரவில்லை. இன்று வந்தவர்களுக்கு ராஜா பக்கம் பிடிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான நகர்த்தல்கள், சேர்த்துப் பார்த்தால் குடிகாரன் நடை. செஸ்.காம் கிளப்புகளில் நடக்கும் வோட் செஸ் ஆட்டங்களில் நான் அதிகம் பார்த்த நோய் இதுதான்.

அப்படியானால் 1999இல் உலகமே சேர்ந்து ஓட்டுப் போட்டு ஆடி உலக சாம்பியன் கேரி கஸ்பரோவைத் திணறடித்ததே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். எதிரில் இருந்தவர் மனிதர், இன்ஜின் இல்லை. ஆனால் கூட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் கேமிங் ஸோன் தளத்தில் ஜூன் 21 அன்று தொடங்கிய ஆட்டம் அக்டோபர் 22 வரை நடந்தது. 75க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். உலக அணிக்கு 24 மணி நேரம், கஸ்பரோவுக்கு 24 மணி நேரம். அணிக்கு வழிகாட்ட நான்கு இளம் ஆட்டக்காரர்கள்: எட்டியென் பக்ரோ, ஃபுளோரின் ஃபெலேகான், எலிசபெத் பேட்ஸ், அமெரிக்காவின் இரினா குரூஷ். குரூஷுக்கு அப்போது 15 வயது.

சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்கத்தில் பத்தாவது நகர்த்தல். குரூஷ் கறுப்பு ராணியை ஈ6க்கு நகர்த்தச் சொன்னார். ஈ4, சி4 இரண்டு சிப்பாய்களும் ஒரே நேரத்தில் தாக்கப்படுகின்றன. அதுவரை யாரும் ஆடாத நகர்த்தல். கஸ்பரோவ் குதிரையை டி5க்குத் தூக்கினார். உலக அணி ஈ4 சிப்பாயைத் தின்றது. குதிரை சி7இல் செக் கொடுத்து ஏ8இல் இருந்த யானையைத் தின்றது. அணி சி4ஐயும் தின்றது. மூலையில் மாட்டிக்கொண்ட குதிரை பி6இல் விழுந்து செத்தது. தூசி அடங்கியதும் கணக்குப் பார்த்தால், ஒரு யானைக்குப் பதில் ஒரு குதிரையும் இரண்டு சிப்பாய்களும், பலகை முழுக்கக் கலவரம். தன் வாழ்க்கையில் வேறெந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று கஸ்பரோவ் பின்னால் சொன்னார். அணியின் விவாதக் களத்தைத் தான் படித்துக்கொண்டிருந்ததையும் ஒப்புக்கொண்டார். இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது, உங்களுக்கு அந்த ஒரு ஆறுதல்.

பத்தாவது நகர்த்தலிலிருந்து ஐம்பதாவது வரை உலக அணி தேர்ந்தெடுத்தது எல்லாம் குரூஷ் பரிந்துரைத்த நகர்த்தல்கள்தான். அந்தப் பரிந்துரைகளுக்குப் பின்னால் விவாதக் களத்தில் உழைத்த வலுவான ஆட்டக்காரர்கள், கிராண்ட்மாஸ்டர்கள், அவர்களுடைய கணினிகள். எல்லோருடைய பகுப்பாய்வும் ஒரே மரமாகத் தொகுக்கப்பட்டு, ஒரு வாசல் வழியாக வெளியே வந்தது. 50,000 பேர் யோசித்தார்கள் என்பதை விட, சில டஜன் பேர் ஒழுங்காக வேலை செய்தார்கள், மற்றவர்கள் அவர்களை நம்பினார்கள் என்பதுதான் உண்மைக்கு அருகில் வரும்.

அந்த ஒழுங்கு கலைந்ததும் என்ன ஆனது என்றும் பாருங்கள். 51வது நகர்த்தலில் ஓட்டு இரண்டாகப் பிளந்து, குரூஷின் பரிந்துரை நூலிழையில் தோற்றது. கள்ள ஓட்டுப் போட்டேன் என்று ஒருவர் வெளிப்படையாகவே எழுதினார். 58வது நகர்த்தலில் குரூஷின் பரிந்துரை நேரத்துக்குத் தளத்தில் ஏறவில்லை, கூட்டம் வேறொன்றுக்கு ஓட்டுப் போட்டது, குரூஷ் விலகினார். அடுத்த நகர்த்தலில் கோபமோ விளையாட்டோ, ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கும் நகர்த்தலுக்கு ஓட்டுகள் குவிந்தன. மைக்ரோசாஃப்ட் அதைச் செல்லாது என்று ஒதுக்கியது. கஸ்பரோவின் 62வது நகர்த்தலுக்குப் பிறகு 51 சதவீதம் பேர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் பலகையில் இருந்தது ஒரு ராணி இறுதியாட்டம், மொத்தம் ஆறே காய்கள். இன்று ஏழு காய் டேபிள்பேஸ் (இறுதியாட்ட நிலைமைகளுக்கு முடிவைக் கணக்கிட்டு வைத்த தரவுத்தளம்) ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும். அன்று முழுமையாக இருந்தது ஐந்து காய் வரைதான்.

சமீபத்திலும் இது இரண்டு முறை நடந்திருக்கிறது. 2024இல் செஸ்.காமில் நம் விஸ்வநாதன் ஆனந்த் ஏறக்குறைய 70,000 பேரைத் தனியாக எதிர்கொண்டு வென்றார். 2025 ஏப்ரலில் கார்ல்சன் உட்கார்ந்தார். எதிரில் 1,43,000க்கும் மேற்பட்டவர்கள், தொடக்கக் காய் வரிசையைக் கலைத்துப்போட்ட ஃப்ரீஸ்டைல் ஆட்டம். மே மாதம் 32வது நகர்த்தலில், கூட்டம் அவருடைய ராஜாவுக்குத் திரும்பத் திரும்ப செக் கொடுத்து டிரா வாங்கிவிட்டது. 50,000 தோற்றது, 70,000 தோற்றது, 1,43,000 டிரா செய்தது என்று வரிசையாகப் பார்த்து எண்ணிக்கைதான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்றும் வேறு வேறு நிலைமைகள்.

எண்ணிக்கைக்கு நேர் எதிரான ஒரு கதையும் இருக்கிறது. 2005இல் பிளேசெஸ் தளத்தில் ஒரு ஃப்ரீஸ்டைல் போட்டி நடந்தது. இங்கே ஃப்ரீஸ்டைல் என்றால் யார் வேண்டுமானாலும், எந்த இன்ஜினை வைத்துக்கொண்டும் ஆடலாம் என்று பொருள். கிராண்ட்மாஸ்டர்கள் இன்ஜினோடு வந்தார்கள். அதே ஆண்டு லண்டனில் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5.5–0.5 என்று நசுக்கிய ஹைட்ராவும் இருந்தது. மனிதத் தலையீடு இல்லாமல் ஆடிய ஹைட்ரா நாக்அவுட் கட்டத்துக்கே வரவில்லை. கோப்பையைத் தூக்கியது ஸாக்எஸ் என்ற பெயரில் ஆடிய இரண்டு அமெரிக்க அமெச்சூர்கள், ஸ்டீவன் கிராம்டன், ஸாக்கரி ஸ்டீஃபன். ரேட்டிங் 1685, 1398. உங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அதைவிட அதிகம் இருக்கும். சாதாரணக் கணினிகள், சில இன்ஜின்கள், எந்த இன்ஜினை எந்த நிலைமையில் நம்புவது என்ற பழக்கம், முன்பே தயார் செய்த வேலைமுறை. அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது.

இதற்கும் முன்னால் ஜெர்மானியக் கணிதவியலாளர் இங்கோ ஆல்தோஃபர் இதே கோட்டில் சோதனைகள் செய்திருந்தார். இரண்டு இன்ஜின்கள் நகர்த்தல்களைப் பரிந்துரைக்கும், அவர் அவற்றிலிருந்து மட்டும் ஒன்றை எடுப்பார். அவர் ஒரு 1900 ஆட்டக்காரர். 1997இல் இந்த முறையில் கிராண்ட்மாஸ்டர் அர்தூர் யூசுபோவை 5–3 என்று வென்றார். ஆனந்தும் இந்த மனிதன்–இயந்திரக் கூட்டணி ஆட்டத்தில் கில்லாடிதான். 1999இல் ஸ்பெயினின் லியோனில் முன்னாள் உலக சாம்பியன் கார்போவை 5–1 என்று வீழ்த்தினார்.

உங்கள் விதிப்படி இன்ஜின் தொடக் கூடாது. ஆனாலும் இந்த இரண்டு கதைகளிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: ஒன்றையொன்று பார்க்காமல் வந்த பரிந்துரைகள், அவற்றை ஒப்பிடத் தெரிந்த ஒரு ஆள். உங்கள் முப்பது பேரையும் அப்படித்தான் அமைக்க வேண்டும். நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன்.

இன்ஜின் நகர்த்திய முதல் சில மணி நேரம் குழுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றும் இரண்டு நகர்த்தல்களை ஒருங்கிணைப்பாளருக்குத் தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும். நகர்த்தலோடு நான்கைந்து படி வரிசையும், ஏன் என்று இரண்டு வாக்கியமும் கட்டாயம். இதைச் செய்யாவிட்டால் நடப்பது தெரிந்ததே: குழுவிலேயே ரேட்டிங் அதிகமுள்ளவர் காலை ஏழு மணிக்கு "குதிரை டி5 சூப்பர்" என்று போடுவார், அடுத்த இருபது செய்தி அதற்கு வரும் கட்டைவிரல்கள். தனித்தனியாக யோசித்தால்தான் காண்டோர்செட் கணக்கு வேலை செய்யும். ஒரு கட்டைவிரலைப் பார்த்துப் போட்ட அடுத்த கட்டைவிரல் புது ஓட்டே கிடையாது.

பிறகு, வந்த நகர்த்தல்களில் மூன்றையோ நான்கையோ உடைக்கும் ஆட்களிடம் கொடுங்கள். அவர்கள் வேலை இன்ஜினாக நடிப்பது. பலகையைத் திருப்பி வைத்து, எதிராளி பக்கத்திலிருந்து பார்த்து, இந்த நகர்த்தலை எப்படித் தண்டிக்கலாம் என்று மட்டும் தேட வேண்டும். முன்மொழிந்தவர் இந்தக் கட்டத்தில் வாதாடக் கூடாது. தாக்குதல் ஆட்டக்காரர்களை விட, சந்தேகப் பேர்வழிகளை இதற்குப் போடுங்கள். எல்லா கிளப்பிலும் எதைக் காட்டினாலும் "இல்லீங்க, அங்க ஒரு செக் இருக்கு" என்று இழுக்கும் ஒருவர் இருப்பார். மற்ற நாட்களில் எரிச்சலூட்டும் அந்த மனிதர்தான் இந்த ஆட்டத்தில் உங்கள் சொத்து.

கடைசி முடிவு ஓட்டில் வேண்டாம், கேப்டன் ஒருவர் எடுக்கட்டும். அவர் பகுப்பாய்வுகளைப் படித்துவிட்டு முடிவு சொல்லட்டும், திட்டத்தை ஓரிரு வரியில் எழுதி குழுவின் மேலே பின் செய்து வைக்கட்டும். ஜனநாயகம் குறைகிறதே என்று யாராவது வருத்தப்பட்டால், ஓட்டுரிமையை அன்றைய பகுப்பாய்வு அனுப்பியவர்களுக்கு மட்டும் கொடுங்கள். இருபதாவது நகர்த்தலுக்குள் முப்பது பேர் ஏழெட்டுப் பேராகச் சுருங்கிவிடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். திருமணம், பரீட்சை, வேலை, சலிப்பு. மீதமிருக்கும் ஏழெட்டுப் பேர்தான் உண்மையான அணி.

என்ன மாதிரி ஆட்டம்? வெள்ளை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சமச்சீரான சிப்பாய் அமைப்பு, சீக்கிரம் ராணிகளை மாற்றிக்கொள்ளும் வரிசைகள், சலிப்பூட்டும் நிலைமைகள். கம்பிமேல் நடக்கும் சிக்கலான தாக்குதல்களில் ஒரு படி தவறினாலும் இன்ஜின் உயிரை எடுத்துவிடும். அடைத்துப் பூட்டிய நிலைமையில் இன்ஜின் குழம்பும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் உண்மைதான். 2008இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்தில் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு காய்களை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். தான் முன்னிலையில் இருப்பதாக நம்பிய ரிப்கா இன்ஜின், ஐம்பது நகர்த்தல் விதியில் (காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா) டிரா ஆகிவிடுமே என்று பூட்டைத் தானே உடைத்து, 271வது நகர்த்தலில் தோற்றது. 2020இல் ஸ்டாக்ஃபிஷ் நரம்பியல் வலை மதிப்பீட்டுக்கு மாறிய பிறகு இந்தத் தந்திரத்தை நம்பி இறங்குவது வீண். நகமுராவே 2014இல் பழைய ரிப்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு ஆட்டம், ஒரு சிப்பாயைச் சலுகையாக வாங்கிக்கொண்டு இரண்டு ஆட்டம் ஸ்டாக்ஃபிஷுடன் ஆடினார். இரண்டு டிரா, இரண்டு தோல்வி.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம்: ஸ்டாக்ஃபிஷுக்கு நீங்கள் 1800கள் என்று தெரியாது. எதிரில் தன்னைப் போலவே ஆடும் ஒருவர் இருப்பதாகத்தான் அது நினைக்கிறது. மதிப்பீடு (யார் முன்னிலை என்று அது போடும் எண்) பூஜ்யத்தில் நின்றால், உங்களைக் குழப்ப வேண்டும் என்று சிரமப்படாமல் நிலைமையைத் திரும்பவும் ஆடி டிராவுக்கு இறங்கிவிடும். டிரா எங்கிருந்தாவது வரும் என்றால் இங்கிருந்துதான் வரும்.

எந்த ஸ்டாக்ஃபிஷ் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். லிச்செஸ் தளத்தில் கணினியுடன் ஆடும் எட்டாம் நிலை அதன் முழு பலம் இல்லை, மிகக் குறைந்த நேரமே யோசிக்கும். முழு பலத்தோடு வேண்டுமென்றால் ஒருவர் தன் கணினியில் ஓட்டி நகர்த்தலைச் சொல்ல வேண்டும். அவர் அணியில் இருக்கக் கூடாது, திரையில் தெரியும் மதிப்பீட்டைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். ஒரு கணக்கில் பலர் சேர்ந்து ஆடுவது மற்ற மனிதர்களுக்கு எதிரான ரேட்டிங் ஆட்டங்களில் விதிமீறல், அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

அப்புறம், பேசவே சங்கடமான விஷயம். முப்பது பேரில் ஒருவர் ஒரு ராத்திரி போனில் இன்ஜினைத் தட்டிப் பார்த்துவிட்டால் மொத்த ஆட்டமும் ஸ்டாக்ஃபிஷ் எதிர் ஸ்டாக்ஃபிஷ் ஆகிவிடும். கெட்ட எண்ணம் இல்லாமலும் நடக்கும், பகுப்பாய்வுப் பலகையைத் திறந்தவுடன் மூலையில் ஒரு எண் வந்து நின்றுவிடும். லிச்செஸ் ஸ்டடியில் (சேர்ந்து ஆய்வு செய்யும் பக்கம்) கணினி பகுப்பாய்வை யாருக்கும் கிடைக்காதபடி நிறுத்தி வைக்கலாம், குழுவின் ஆய்வு முழுவதையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நகர்த்தலோடு விளக்கமும் கட்டாயம் என்று நான் முன்பே சொன்னதற்கு இது இன்னொரு காரணம். இன்ஜினிடம் வாங்கிய நகர்த்தலுக்குப் பெரும்பாலும் சொந்த வாக்கியம் வராது. தொடக்க நகர்த்தல் புத்தகம் பார்க்கலாமா, டேபிள்பேஸ் பார்க்கலாமா என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். லிச்செஸின் கடிதவழி விதியைப் பின்பற்றினால் புத்தகம் சரி, இன்ஜினும் டேபிள்பேஸும் கூடாது.

உண்மையில் உங்கள் குழுவுக்கு நான் சிபாரிசு செய்வது சலுகை ஆட்டம்தான். லிச்செஸில் லீலா என்ற இன்னொரு இன்ஜினின் சலுகை பாட்கள் (தானாக ஆடும் கணக்குகள்) இருக்கின்றன. ஒரு குதிரை, ஒரு யானை, ஏன், ராணியே இல்லாமல் ஆடுபவை. வேகமான ஆட்டங்களில் குதிரைச் சலுகை லீலா கிராண்ட்மாஸ்டர்களையே வீழ்த்துகிறது. எதிரில் இருப்பவர் தப்பு செய்யக்கூடிய மனிதர் என்று கருதி ஆடும்படி அதை அமைத்திருக்கிறார்கள். காய்களை மாற்றிக்கொள்ளாமல் தவிர்க்கும், சிக்கலை வளர்த்துக்கொண்டே போகும், பொறி வைக்கும். ஸ்டாக்ஃபிஷிடமிருந்து குதிரையை எடுத்துவிட்டால் அது அவ்வளவு தந்திரமாக ஆடாது, மதிப்பீடு எங்கே குறைவாகக் கெடுகிறதோ அங்கே போகும், காய் மாற்றத்துக்கும் எளிதில் ஒத்துக்கொள்ளும். அதனால் முதலில் குதிரை இல்லாத ஸ்டாக்ஃபிஷ், நகர்த்தலுக்கு ஒரு நாள். அதில் நீங்கள் ஜெயிக்க வேண்டும், ஜெயிக்காவிட்டால் வேலைமுறையில் ஓட்டை இருக்கிறது. அடுத்து அதே குதிரைச் சலுகையில் லீலா. அதையும் தாண்டினால் சமமான காய்களோடு டிராவுக்குப் போராடலாம்.

ஒவ்வொரு நகர்த்தலிலும் நீங்கள் ஒதுக்கித் தள்ளிய யோசனைகளை, யார் சொன்னது, ஏன் ஒதுக்கினோம் என்பதோடு ஒரு தாளில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆட்டம் முடிந்த அன்று இன்ஜினைத் திறந்து அந்தத் தாளை மேலிருந்து கீழே சரிபாருங்கள். சரியான நகர்த்தல் குழுவில் யாருக்குமே தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் நீங்களே கொன்றுவிட்டீர்களா என்பது அதில் தெரிந்துவிடும். முதல் வகை அதிகமென்றால் பயிற்சி தேவை. இரண்டாவது அதிகமென்றால் அடுத்த ஆட்டத்துக்குக் கேப்டனையும் உடைக்கும் ஆட்களையும் மாற்றிப் போடுங்கள்.